உமாவின் ஊசியும் ஓடிப்போன முயலும்

போன ஆனி மாதம் மூன்று நாள் திருநெல்வேலிப் பக்கம் போய்வந்தேன். குற்றாலச் சாரலைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று வந்தவர்கள் வேறு பக்கம் பார்க்கலாம். அருவி இருக்கும் திசைக்கே நான் போகவில்லை. என் தங்கை கோமதியின் மகள் உமாவை ஒரு டாக்டரிடம் காட்டப் போனேன். உமாவுக்குப் பத்தொன்பது வயது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பாளையங்கோட்டைக்கு வந்து கல்லூரியில் படிக்கிறாள். சித்திரைக் கடைசியில் திடீரென்று இளைத்தாள், செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். டைப் ஒன் நீரிழிவு என்றார்கள். அன்றிலிருந்து நாளுக்கு நான்கு ஊசி.

நான் டாக்டர் இல்லை. ஆனால் மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் என்பதால் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். இந்த நோயில் நம் உடம்பின் காவல் செல்களே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று எண்ணி அழிக்கின்றன. நோய் தெரியவரும் நாளில் எல்லாமே செத்துப்போயிருப்பதில்லை. கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைக் காப்பாற்றினாலும் ஊசி நின்றுவிடாது. ஆனால் சர்க்கரை ஏறி இறங்கி ஆட்டம் காட்டுவது குறையும். திடீரென்று தாழ்ந்து மயங்கி விழும் பயம் குறையும். அதற்காகக் காவல் செல்களைச் சற்றே அடக்கிவைக்கும் மருந்துகளைப் பல இடங்களில் சோதித்துவருகிறார்கள். பெரும்பாலும் நோய் தெரிந்து மூன்று மாதத்துக்குள் வருபவர்களைத்தான் சேர்க்கிறார்கள். உமாவுக்கு இரண்டு மாதம் ஏற்கெனவே போயிருந்தது.

வெளியூர்ப் பெரிய மருத்துவமனை ஒன்றில் அப்படி ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டு நான்தான் எழுதிக் கேட்டேன். முதல் கட்டப் பரிசோதனையைத் திருநெல்வேலியிலேயே ஒரு டாக்டர் செய்து அனுப்புவார் என்று பதில் வந்தது. கூடவே தகவல் தாள். உறுப்பு மாற்று சிகிச்சையில் பல காலமாகப் பயன்படும் ஒரு மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கிறார்கள். மனிதச் செல்களை முயலுக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்யும் மருந்து. முயல் என்ற சொல்லைப் படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். தங்கை வீட்டில் மூச்சு விடவில்லை.

காரணம் பழையது. எங்கள் வீடும் கோமதியின் கணவர் சங்கரன் வீடும் சைவம். முட்டை வாசனைகூட அடுப்படிப் பக்கம் வராது. நான் கல்லூரியில் மாணவர்களுக்கு முயலை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்த காலம். கோமதி கல்யாணத்துக்கு மறுநாள், எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து. தேங்காய்ப் பாலில் காய்கள் போட்டுச் செய்யும் சொதியைப் பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளை இலையில் முதலில் ஊற்ற வேண்டும் என்று என் அம்மா வாளியை என் கையில் கொடுத்தாள். நான் குனிந்தபோது சங்கரன் இலையின் மேல் கையை வைத்து மறைத்தார். "அத்தான் முயல் அறுக்கிற கைல்லா? வேற யாரையாவது ஊத்தச் சொல்லுங்க வே" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். இருபத்தோரு வருடமாக அந்த வீட்டில் காபிக்கு மேல் எதுவும் நான் வாயில் வைத்ததில்லை. கல்லூரியில் என்னைத் துறைத் தலைவராக விடாதவர்களையும் நான் மறக்கவில்லை, ஆனால் அவர்களுக்கு இரண்டாவது இடம்தான்.

முயல் அறுத்த கையையே இலைக்கு மேல் விடாதவர், முயல் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தைத் தன் பெண்ணின் ரத்தத்தில் ஏற்ற விடுவாரா? முதலிலேயே சொன்னால் வீட்டிலேயே மறுத்துவிடுவார். டாக்டர் வாயால் கேட்கட்டும், அங்கே வைத்து மறுத்துப் பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் காலை எட்டரைக்கு மாட்டுத்தாவணியில் இடைநில்லாப் பேருந்து. டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பதினொன்றே முக்காலுக்கு இறக்கிவிட்டார்கள். அங்கேயே திருச்செந்தூர் பேருந்துகள் நிற்கும். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஸ்ரீவைகுண்டம் என்று எழுதிய பலகையைப் பார்த்து ஊருக்குள் இறக்கிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ரயில் நிலையமும் பேருந்துச் சாலையும் ஆற்றுக்குத் தென்கரையில் புதுக்குடியில் இருக்கின்றன. ஊர் வடகரையில். அணைக்கட்டுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் வெயில்தான் மிச்சம். இடது பக்கம் உட்காருங்கள், வாழையும் நடவு முடிந்த கார் நெல்லும் வழி முழுக்கக் கூடவே வரும்.

புதுக்குடியில் மைதீன் காரோடு நின்றார். சங்கரன் வாழைக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். மைதீன் பதினைந்து வருடமாக அவருடைய வெளியூர்ப் பயணங்களுக்கெல்லாம் கார் ஓட்டுபவர், சொந்த வண்டி. பாலத்தின் மேல் மெதுவாகப் போனார். அணைக்கட்டில் தண்ணீர் சத்தமாக விழுந்துகொண்டிருந்தது.

"நம்ம பிள்ளைக்கு ஊசி நின்னுருமா சார்?" என்று கேட்டார்.

"நிக்காது. கொறைவாப் போடலாம், நிம்மதியா இருக்கலாம். அதுவும் நிச்சயமில்ல."

"அந்த மட்டுக்கும் போதும் சார். வீட்ல எங்க உம்மா பிள்ளைக்காகத் தெனமும் துஆ கேட்டுக்கிட்டுதான் இருக்கா."

வீட்டில் சங்கரன், "வாங்க அத்தான், பஸ்ல கூட்டமா?" என்றார். "இல்ல மாப்ளே" என்றேன். எங்களுக்குள் அதுவே நீண்ட உரையாடல். கோமதி டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. உமா பேனா மாதிரி இருந்த ஊசியை எடுத்துக் காட்டினாள். சென்ற வாரத்திலிருந்து யூனிட் குறைந்திருக்கிறதாம்.

"கைலாசநாதர் கோயிலுக்கு வேண்டிக்கிட்டதுலதான் கொறையுதுன்னு அம்மா சொல்லுதா மாமா."

"இன்சுலின் போட ஆரம்பிச்சதும் மிச்சம் இருக்கிற செல்லுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும். அதுனால வேலை செய்யும். கொஞ்ச நாளைக்குத்தான். தேனிலவுக் காலம்னு டாக்டர்மார் சொல்லுவாங்க."

"கல்யாணமே ஆவல, அதுக்குள்ள தேனிலவா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அது முடியுறதுக்குள்ள இந்த மருந்து ஏறிரணும், அதான மாமா?" என்றாள். சரியாகப் புரிந்துவைத்திருந்தாள். அதுதான் விஷயம்.

கோமதி வந்ததும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டேன். "இவளுக்கு ஏதாவது ஒத்துக்காமப் போயிருக்கா?" "அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுண்ணே. காய்ச்சலுக்கு என்ன குடுத்தாலும் கேக்கும்." போனிலும் இதையேதான் சொல்லியிருந்தாள். எனக்குத் திருப்தி. ஊருக்குள் ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டேன்; எழுநூறு ரூபாய், வெந்நீர் கேட்டால் தருவார்கள், விசிறி சத்தம் போடும்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். கோமதிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மைதீன் காரில் சங்கரனும் நானும் பின்னால், உமா முன்னால். ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் அவள் எதுவும் சாப்பிடவில்லை. சர்க்கரை தாழ்ந்தால் வாயில் போட்டுக்கொள்ள குளுக்கோஸ் பொட்டலம் மடியில் இருந்தது. வழி முழுக்க நான் மனதுக்குள் வாதங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். ஒரு காலத்தில் இன்சுலினையே பன்றியின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். மருந்துக்கு ஏது சைவம். பிள்ளை முக்கியமா, ஆசாரம் முக்கியமா. இருபத்தோரு வருடமாகச் சொல்ல வாய்க்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

பாளையங்கோட்டைப் பக்கம் அந்த மருத்துவமனை. ஏழே முக்காலுக்கு ரத்தம் எடுத்தார்கள். சி-பெப்டைடு என்று ஒரு சோதனை. உடம்பு தானாக இன்னும் எவ்வளவு இன்சுலின் செய்கிறது என்பதை அதுதான் காட்டும். பதினோரு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி, அவசரப்படாமல் பேசினார். சேருகிறவர்களில் எல்லோருக்கும் மருந்து கிடைக்காது, சிலருக்கு வெறும் உப்புநீர்தான் ஏறும், யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது என்றார். காய்ச்சல் வரலாம், தோல் தடிக்கலாம், மூட்டு வலிக்கலாம், கொஞ்ச நாளைக்குத் தொற்று எளிதில் பிடிக்கலாம். இதெல்லாம் தெரிந்து சம்மதித்தால்தான் மேலே போகலாம். உமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"இது முயல்கிட்ட இருந்து எடுக்கிற மருந்து" என்றார் டாக்டர்.

சங்கரன் நிமிர்ந்தார். "முயலா?"

"ஆமா. முயலோட ரத்தத்துல உண்டாகிற ஒரு புரதம்."

சங்கரன் உமாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "டாக்டரம்மா, ஒரு விசயம்..." என்று இழுத்தார்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். "மாப்ளே, இங்க வந்தும் சைவம் அசைவம்னு ஆரம்பிக்காதீக. சொதி வாளியில்ல இது. பிள்ளையோட ஆயுசு..."

"அத்தான், பைய" என்றார். குரல் உயரவில்லை. "சைவத்த இப்ப யாரு கேட்டா? எம் பிள்ளைக்கு முயல் ஆவாது. அதைச் சொல்ல விடுங்க."

பிறகு டாக்டரிடம் சொன்னார். உமாவுக்கு ஏழு வயதில் ஒரு வெள்ளை முயல் வாங்கிக் கொடுத்தாராம். பத்து நாளில் அவளுக்கு இரண்டு கண்ணும் வீங்கி, மூச்சு இரைத்து, உதடு நீலம் பாரித்துவிட்டது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்கவைத்து, ஊசி போட்டு, மறுநாள்தான் அனுப்பினார்கள். முயல் முடிகூட இனிமேல் பக்கத்தில் ஆகாது என்று அங்கே சொல்லியனுப்பினார்களாம்.

டாக்டர் பேனாவை மூடினார். "நல்லவேளை சொன்னீங்க. இதை நரம்பு வழியா ஏத்தறோம். அந்த மாதிரி ஒவ்வாமை இருக்கிறவங்களுக்கு மூச்சே நின்னுடலாம். இந்த ஆய்வுல அவங்களைச் சேர்க்கிறதே இல்லை." சற்று நிறுத்தி, "தகவல் தாள்ல இது இருக்குமே, நீங்க பாக்கலையா?" என்றார். சங்கரன் என்னைப் பார்த்தார். அது என் பையில் மூன்று வாரமாக மடிந்து கிடந்தது.

ஒவ்வாமை உண்டா என்று நான் கேட்காமல் இல்லை. எதற்கு என்று சொல்லாமல் கேட்டேன். கோமதி மருந்தை நினைத்துப் பதில் சொன்னாள். முயல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே போனில் தெரிந்திருக்கும். அந்த மூன்று வாரத்தில் வேறு இடம் தேடியிருக்கலாம். டாக்டர், மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கும் மருந்துகளும் உண்டு, அப்படி ஓர் இடத்துக்கு எழுதிக் கேட்கிறேன், ஆனால் நாள் குறைவாக இருக்கிறது என்றார். அதுவரை சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதே மிச்சச் செல்களுக்குச் செய்யும் பெரிய உதவி என்றும் சொன்னார்.

உமா அழவில்லை. டாக்டர் பேசியதில் பாதியை அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை. அறையை விட்டு வெளியே வந்ததும் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"அப்ப அது ஓடிப்போவலியாப்பா?"

சங்கரன் கார் நின்ற இடத்துக்கு நடந்தார். ஊர் திரும்பும் முன் திருநெல்வேலி டவுணுக்குப் போய் அல்வா வாங்கலாம் என்றார். ஆனித் தேருக்கு முந்தின வாரம். ரதவீதிகளில் வண்டி நகரவில்லை. அந்த வாரத்தில் டவுணுக்குள் கார் கொண்டுபோகாதீர்கள், ஜங்ஷனில் விட்டுவிட்டு டவுண் பஸ்ஸில் போங்கள். முக்கால் மணி நேரம் நின்றோம். அந்த நேரத்தில்தான் எல்லாம் வெளியே வந்தது.

"மூச்சு வாங்குனது தூசியிலன்னு சொன்னீய. முயல் செவருக்கு அடியில பள்ளம் பறிச்சு வாழைக்குள்ள ஓடிப்போச்சின்னு சொன்னீய" என்றாள் உமா.

"உன்னாலதான் அதைக் கொண்டு விட்டோம்னு தெரிஞ்சா, சோறு திங்காமக் கெடப்பட்டி. ஏழு வயசு."

"எங்க விட்டீய?"

மைதீன் கண்ணாடியைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, இனிமே என்னத்துக்கு? நானே சொல்லிருதேன். எங்க வீட்லதாம்மா இருந்துச்சு."

உமா அவர் பக்கம் திரும்பினாள். "பிரியாணி போட்டுட்டீயளாண்ணே?"

"அஸ்தஃபிருல்லா. நல்லாக் கேட்டே போ. எங்க உம்மா அதுக்கு முட்டக்கோசு வாங்கியே என்னைய ஓட்டாண்டி ஆக்கிட்டா. நாலு வருசம் ராசா மாதிரி இருந்துச்சு. ஹயாத்து முடிஞ்சது, தென்னை மூட்டுல பொதச்சோம். ஒங்க அப்பா வாரத்துக்கு ஒருக்க கேரட்டோட வந்து நிப்பாவ. மண்டிக் கணக்கு பாக்கப் போறேன்னுதான வீட்ல சொல்லுவீய அண்ணாச்சி?"

"ரோட்டப் பாத்து ஓட்டும் வே" என்றார் சங்கரன். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

உமா பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள். "மூணு நாளு டார்ச் அடிச்சுக்கிட்டு என்கூட வாழைக்குள்ள தேடுனீயளேப்பா" என்றாள்.

"நீ தேடும்போது நான் தேடாம இருக்க முடியுமா?"

அல்வா வந்தது. கால் கிலோ. உனக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். உமா துண்டின் அளவைப் பார்த்தாள், மனதுக்குள் ஏதோ கூட்டினாள், ஊசிப் பேனாவை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டு சாப்பிட்டாள். "அளவு தெரிஞ்சா சாப்பிடலாம் மாமா, டாக்டர் சொல்லிக் குடுத்திருக்காவ" என்றாள். தெரிந்துகொள்ளுங்கள், இதுவும் ஒரு தகவல்தான்.

சாயங்காலம் அறைக்குப் போகிறேன் என்றேன். கோமதி விடவில்லை. சொதி வைத்திருந்தாள், இஞ்சித் துவையலோடு. நல்ல செய்தியோடு வருவோம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே தேங்காய் துருவி வைத்திருக்கிறாள். ஒவ்வாமை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ முயல்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரியாதாண்ணே?" என்று ஒருமுறைதான் கேட்டாள். அதற்கு மேல் எதுவும் கேட்காததை என்னால் தாங்க முடியவில்லை. நான் கைகழுவிவிட்டு நின்றேன். சங்கரன் இலை முன்னால் உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தார்.

"அத்தான், நீங்க ஊத்துங்க."

அந்த விருந்து அவருக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. டாக்டர் அறையில் சொதி வாளி என்று நான் உளறியது காதில் விழாமல் இருந்திருக்காது. குனிந்து ஊற்றினேன். இலையின் மேல் கை எதுவும் இல்லை. பிறகு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். இருபத்தோரு வருடத்துக் கோபம் ஒரு கரண்டிச் சொதியில் கரைந்துவிட்டது என்று எழுதினால் பொய். கோமதி கை மணம் மாறவில்லை என்பது மட்டும் உண்மை.

மூன்றாம் நாள் காலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உமாவின் செல்கள் இன்னும் வேலை செய்கின்றன. டாக்டர் அந்த முடிவையும் சேர்த்து வேறு இடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். பத்தரைப் பேருந்தைப் பிடித்து மதியம் இரண்டரைக்கு மதுரை வந்து சேர்ந்தேன்.

இதே அலைச்சலில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நோய் தெரிந்த வாரத்திலேயே, மிச்சச் செல்களைக் காப்பாற்றும் ஆய்வு எங்காவது நடக்கிறதா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அந்தக் கதவு அதிக நாள் திறந்திருக்காது. குணமாக்கிவிடுவோம் என்று யாராவது பணம் கேட்டால் ஓடிவந்துவிடுங்கள். முறையான ஆய்வில் மருந்துக்குக் காசு கேட்க மாட்டார்கள், குணமாகும் என்றும் சொல்ல மாட்டார்கள். எந்த மருந்துக்காகவும், எந்த வேண்டுதலுக்காகவும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். மருத்துவமனைக்கு அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போங்கள். பிள்ளையின் உடம்பைப் பற்றி ஆளுக்கொரு பாதி தெரிந்துவைத்திருப்பார்கள். தகவல் தாள் வந்தால் முழுதாக எல்லோருக்கும் அனுப்புங்கள். யார் மறுப்பார்கள் என்று நீங்களே முடிவு செய்து எந்தச் சொல்லையும் மடித்து வைக்காதீர்கள். அவர் நீங்கள் நினைக்கிற ஆளாகவே இருக்கலாம். அப்போதும் அனுப்புங்கள்.

போன வாரம் இன்னோர் இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. உமாவை நேரில் பார்க்கிறோம் என்கிறார்கள். எனக்கு, கோமதிக்கு, சங்கரனுக்கு, உமாவுக்கு என்று நான்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். தகவல் தாளின் எல்லாப் பக்கங்களையும் சங்கரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"படிச்சேன் அத்தான். இதுல எந்த மிருகம்?"

கிண்டலா, கேள்வியா என்று தெரியவில்லை. இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதினேன்: மருந்தில் மிருகம் எதுவும் இல்லை, ஆனால் அதை அடைத்துத் தரும் காப்ஸ்யூல் கூடு மாட்டு எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின். அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூட்டைப் பிரிச்சுக் குடுக்கலாமான்னு டாக்டர்ட்ட கேப்போம். ஆவாதுன்னா முழுங்கட்டும்."